ஒன்பதாம் எண் ஜெர்சி

எனக்கு ஒருவர் மீது கோபம் வந்தால் லேசில் போகாது. வீட்டில் எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். "நீ கறுவ ஆரம்பிச்சா அந்த ஆளு செத்தாலும் வுடமாட்ட" என்பார் என் கணவர். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் அது விளையாட்டுப் பேச்சில்லை. பி.டி. சார் மீது எனக்கிருந்த கோபத்துக்கு இருபது வயதாகிறது. என் கல்யாணத்தைவிட அது மூத்தது.

அவர் அரியலூரில் நான் படித்த பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். கால்பந்தில் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பதும் அவர்தான். இப்போது ஓய்வு பெற்று, அங்கேயே பெண்களுக்கென்று ஒரு கால்பந்துப் பயிற்சி மையம் நடத்துகிறார். நான் பெரம்பலூரில், புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்து கால்பந்து ஆட்டங்களைப் பார்க்கிறேன். பார்ப்பதுதான் என் பிழைப்பு.

ஆட்டத்தின் வீடியோ லேப்டாப்பில் வரும். ஒருத்தி பந்தைத் தொட்டால் நான் ஒரு தட்டு தட்ட வேண்டும். எந்த எண் ஜெர்சி, எத்தனையாவது நிமிடம், மைதானத்தில் எந்த இடம், எந்தக் கால், கொடுத்த பாஸ் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று ஒவ்வொன்றையும் பதிய வேண்டும். ஒரு ஆட்டத்தை முடிக்க முழுப் பகலும் போய்விடும். கீழ் வீட்டு அம்மா நான் யாருக்கோ பத்திரம் டைப் அடித்துக் கொடுப்பதாக இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை.

நான் தட்டியதெல்லாம் பெங்களூர் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து கிளப்புகளுக்குப் போகும். முன்பெல்லாம் கிளப்பிலிருந்து ஒருவர் வந்து, வெயிலில் குடை பிடித்து நின்று பார்த்து, "இந்தப் பொண்ண எடுத்துக்கலாம்" என்பார். இப்போது கம்ப்யூட்டரில் சலிக்கிறார்கள். பதினெட்டு வயதுக்குள் இருக்க வேண்டும், ஓரத்தில் ஓட வேண்டும், கடைசி இருபது நிமிடத்திலும் வேகம் குறையக் கூடாது என்று கேட்டால் நாட்டிலுள்ள ஆயிரம் பெண்களில் நாலைந்து பேர் சல்லடையில் தங்குவார்கள். அவர்களை மட்டும்தான் நேரில் வந்து பார்ப்பார்கள். கணக்குக்கு முகம் தெரியாது, சொந்தக்காரன் வீட்டுப் பெண் என்பதும் தெரியாது. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். பி.டி. சார் மாதிரி ஆட்களின் கையிலிருந்து விசிலைப் பிடுங்கிவிட்ட வேலை இது என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் பக்கத்து ஆட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. அது தெரிந்தால்தான் மேலே சொல்வது புரியும். எந்த டீமுக்கும் பதினொரு ஜெர்சிக்கு மேல் இருக்காது. லாரி ஓனரோ ஜவுளிக்கடைக்காரரோ எடுத்துக் கொடுப்பது பதினொன்றுதான். ஆடுவது பதினொரு பேர்தானே என்பது அவர்கள் கணக்கு. ஆகவே ஒருத்தி வெளியே வந்து இன்னொருத்தி உள்ளே போகும்போது, கோட்டருகே வந்தவள் ஜெர்சியைக் கழற்றிக் கொடுப்பாள், போகிறவள் மாட்டிக்கொண்டு போவாள். எல்லாரும் உள்ளே ஒரு டீ-ஷர்ட் போட்டிருப்போம். ரெஃப்ரி ஸ்கோர் ஷீட்டில் எண்ணை மட்டும் எழுதுவார். யாருக்கும் இது தப்பாகத் தெரியாது. நானும் அப்படி எத்தனையோ பேருடைய வேர்வையைப் போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பில், மாவட்ட இறுதி ஆட்டத்தில், நான் போட்டது ஒன்பதாம் எண். அதைக் கழற்றிக் கொடுத்தவள் பி.டி. சாருடைய தம்பி மகள். நல்ல பெண்தான், ஓட வராது. இடைவேளைக்கு அப்புறம் அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு நான் இரண்டு கோல் அடித்தேன். கோப்பை எங்களுக்கு. மேடையில் சிறந்த ஆட்டக்காரி என்று அழைத்தது தம்பி மகளை. ஸ்கோர் ஷீட்டில் ஒன்பது, டீம் லிஸ்டில் ஒன்பதுக்கு நேராக அவள் பெயர். என் பெயர் லிஸ்டிலேயே இல்லை. அந்தச் சான்றிதழை வைத்து அவளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் திருச்சியில் காலேஜ் சீட் கிடைத்தது.

நான் ஸ்டாஃப் ரூம் வாசலில் போய் நின்று கேட்டேன். பி.டி. சார் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்:

"யாரு அடிச்சா என்னம்மா? டீம்தானே ஜெயிச்சுது? போ, போயி படிக்கிற வேலயப் பாரு."

பக்கத்திலிருந்த இரண்டு டீச்சர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு நடந்தேன். அதற்குப் பிறகு நான் மைதானத்துக்குப் போகவில்லை. அவரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

போன வருடம் தையில், சென்னையிலுள்ள ஒரு பெண்கள் கிளப்புக்காக எங்கள் ஆபீசுக்கு நான்கு வீடியோக்கள் வந்தன. நான்கும் பி.டி. சாருடைய மையம் ஆடிய ஆட்டங்கள். 'உங்க சொந்த மாவட்டம்தானே, நீங்களே பண்ணிடுங்க' என்று டீம் லீடர் எனக்கே அனுப்பிவிட்டார். யாரோ டிராக்டர் டிப்பர் மேல் ஏறி நின்று போனில் எடுத்த வீடியோ. முகமெல்லாம் தெரியாது, எண் மட்டும் தெரியும். டீம் லிஸ்டைத் திறந்தேன். ஒன்பதுக்கு நேராக இருந்த பெண்ணின் அப்பா பெயர் என்ற இடத்தில் பி.டி. சாருடைய மகன் பெயர் இருந்தது. பி.டி. சாருடைய பேத்தி.

முதல் ஆட்டத்தின் முதல் பாதியில் ஒன்பதாம் எண் வலது காலில் மட்டும் அடித்தாள். இரண்டாம் பாதியில் இடது காலில் மட்டும் அடித்தாள். முதல் பாதியில் பாதம் முழுக்கப் பதித்துத் தொம் தொம்மென்று ஓடினாள். இரண்டாம் பாதியில் முழங்கையை விலாவில் ஒட்டி வைத்துக்கொண்டு, குனிந்து, மூன்று பேரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கால் சாக்ஸ் கணுக்கால் வரை சுருட்டி விடப்பட்டிருந்தது. முதல் பாதியில் இரண்டு சாக்ஸும் முழங்கால் வரை இழுத்து விடப்பட்டிருந்தன. இடைவேளையில் ஜெர்சி கைமாறியிருக்கிறது. நான்கு ஆட்டத்திலும் அப்படியே. சுருட்டிய சாக்ஸ்காரியின் பெயர் எந்த லிஸ்டிலும் இல்லை.

கோபமா சந்தோஷமா என்று கேட்டால், சந்தோஷம்தான். மாட்டினான்டா என்று தனி அறையில் சத்தமாகவே சொன்னேன். இருபது வருடம் கழித்து, அதே எண்ணில், அதே திருட்டு. அதுவும் என் மடியில் வந்து விழுந்திருக்கிறது.

எங்கள் சாப்ட்வேரில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. 'இரண்டாம் பாதியில் ஒன்பது வேறு ஆள்' என்று அதில் ஒரு வரி எழுதினால் போதும். பெங்களூரில் இரண்டாகப் பிரித்து, அவள் பெயரைக் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்வார்கள். அதுதான் முறை. நான் அந்தக் கட்டத்தில் கர்சரை வைத்துவிட்டு யோசித்தேன். எழுதினால் என்ன ஆகும்? ஒரு மெயில் போகும். 'எங்க ஊருல ஜெர்சி பத்தாதுங்க' என்று பி.டி. சார் பதில் எழுதுவார். உண்மையும் அதுதானே, எல்லாரும் சரி என்பார்கள். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழாது. எனக்கு அது போதாது. அவர் மைதானத்தில், ஊர் பார்க்க நிற்க வேண்டும். அந்த இரண்டு டீச்சர்கள் சிரித்தது மாதிரி யாராவது சிரிக்க வேண்டும்.

கட்டத்தைக் காலியாக விட்டேன். இரண்டு பெண்களின் ஆட்டத்தையும் ஒரே ஒன்பதில் தட்டி அனுப்பினேன்.

சல்லடையில் அந்த ஒன்பது முதலாவதாக நின்றாள். நிற்காமல் எப்படி இருப்பாள்? இரண்டு காலிலும் ஒரே மாதிரி அடிக்கிற பெண். இடைவேளைக்குப் பிறகு புதிதாக இறங்கியவள் மாதிரி ஓடுகிற பெண். "இந்த வயசுல ரெண்டு காலும் வருதுன்னா சும்மாவா?" என்று கிளப்பின் பயிற்சியாளர் வியந்தாராம். டீம் லீடர் போனில் சொன்னபோது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மூன்று வாரத்தில் நேரில் வருவதாக முடிவானது.

அந்த மூன்று வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ் பிடித்து அரியலூர் மைதானத்துக்குப் போனேன். வேலியோரம் நின்று பார்த்தேன். சுருட்டிய சாக்ஸ் தனியாகக் குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பதினாறு வயதிருக்கும். பேச்சுக் கொடுத்தேன். விக்கிரமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறாளாம். வீட்டில் நெல் விவசாயம். அக்காவின் பழைய சாக்ஸ், இடதில் எலாஸ்டிக் போய்விட்டது, அதனால்தான் சுருட்டி விடுகிறாளாம்.

"நீ என்ன நம்பரு?" என்று கேட்டேன்.

"எனக்கு நம்பரெல்லாம் கெடையாதுக்கா. சார் எதக் குடுக்கறாரோ அது."

பிறகு கொஞ்சம் தயங்கி, "மெட்ராஸ்லேருந்து செலக்‌ஷனுக்கு வராங்களாமே, எங்களயும் பாப்பாங்களாக்கா?" என்றாள்.

"பாப்பாங்க" என்றேன்.

"பாத்தா எடுப்பாங்களா?"

"ஒன்ன பாத்தா எடுப்பாங்க."

அவள் முகம் மலர்ந்து, வாயில் இருந்த தண்ணீரை முழுங்க மறந்து சிரித்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். உன் ஆட்டத்தை இன்னொருத்தி பெயரில் எழுதுகிறார்கள், இன்ன தேதியில் வருகிறார்கள், யார் என்ன சொன்னாலும் வந்துவிடு என்று சொல்லியிருக்கலாம். சின்னப் பெண், யாரிடமாவது உளறிவிடுவாள், பி.டி. சார் உஷாராகிவிடுவார் என்று நினைத்தேன். என் விருந்து கெட்டுவிடுமே என்று பயந்தேன் என்பதுதான் சரி.

கிளப்பின் பயிற்சியாளர் ஒரு பெண்மணி. உதவியாளர் ஒருவரோடு வந்திருந்தார். கணக்கைச் சரிபார்க்க உள்ளூர் ஆள் வேண்டும் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். நானேதான் டீம் லீடரை நச்சரித்து ஏற்பாடு செய்துகொண்டேன். மைதான வாசலில் பேத்தியின் படம் போட்ட பேனர். தலைமையாசிரியர், ஜெர்சி வாங்கிக் கொடுத்த லாரி ஓனர், பெற்றோர்கள், பக்கத்துத் தெரு ஜனங்கள் என்று நல்ல கூட்டம். பி.டி. சார் வெள்ளைத் தொப்பியும் கழுத்தில் விசிலுமாக வந்து எனக்கு ஒரு வணக்கம் வைத்தார். "வாங்க மேடம், டிபன் சாப்ட்டீங்களா?" என்றார். என்னை மேடம் என்கிறார். நான் சாப்பிட்டேன் என்றேன்.

கூட்டத்தில் விக்கிரமங்கலம் பெண்ணைக் கண்ணால் துழாவினேன். இல்லை. எங்காவது பின்னால் நிற்பாள் என்று விட்டுவிட்டேன். என் கண்ணெல்லாம் வெள்ளைத் தொப்பி மேல்தான்.

பேத்திக்கு ஓட்டத்தை அளக்கும் கருவி வைத்த ஒரு பனியனைப் போட்டுவிட்டு ஆடச் சொன்னார்கள். பாவம், முயன்று ஆடினாள். இருபது நிமிடத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள். இடது ஓரத்திலிருந்து இடது காலால் பந்தை உள்ளே போடச் சொன்னார் பயிற்சியாளர். முதல் பந்து வேலிக்குப் போனது. இரண்டாவது லாரி ஓனரின் காலடிக்கு வந்தது. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அது என் காதில் தேனாக இறங்கியது என்பதை மறைக்க மாட்டேன்.

"நேத்து கால் சுளுக்கிடுச்சு மேடம், அதான்" என்றார் பி.டி. சார்.

நான் லேப்டாப்பைத் திறந்து மேஜை மேல் வைத்தேன். முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். "மேடம், இந்த சாக்ஸயும் அந்த சாக்ஸயும் பாருங்க" என்றேன். பயிற்சியாளர் குனிந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் பத்துத் தலை குனிந்தது. அதில் ஒரு தலை, "அட, இது விக்கிரமங்கலத்துப் புள்ளையில்ல!" என்றது.

பி.டி. சார் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் பழைய ஆள், சமாளித்தார்.

"எங்க ஊருல ஜெர்சி பத்தாதுங்க மேடம். மாத்தி மாத்திப் போட்டுக்குவாங்க. யாரு போட்டா என்னங்க? டீம்தானே?"

இருபது வருடம் இந்த ஒரு வரிக்குத்தான் காத்திருந்தேன்.

"ஜெர்சிதான் பத்தல சார். லிஸ்டுல எழுதறதுக்குப் பேருமா பத்தல? நாலு ஆட்டம், ஒரே புள்ள பேரு. எனக்கும் இதேதான் செஞ்சீங்க. ரெண்டு கோலு நான் அடிச்சேன், ஒங்க தம்பி மக மேடையில ஏறிச்சு."

தலைமையாசிரியர் தரையைப் பார்த்தார். லாரி ஓனர் "என்னா சார் இது அசிங்கமா" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போனார். பேத்தி அழுதுகொண்டே அந்தப் பனியனைக் கழற்றினாள். பி.டி. சார் என்னைக் கூர்ந்து பார்த்தார். நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"நீ எந்த பேட்ச்சும்மா?" என்றார்.

நடிக்கவில்லை. அவருக்கு நினைவில்லை. எத்தனை பேருக்குச் செய்தாரோ, அதில் நான் ஒருத்தி.

பயிற்சியாளர் லேப்டாப்பில் இரண்டாம் பாதியை மட்டும் மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்கவேயில்லை. "இந்தப் பொண்ணு எங்க?" என்றார்.

"இன்னிக்கு பிராக்டீஸ் இல்லன்னு சார் அவகிட்ட மட்டும் நேத்தே சொல்லி அனுப்பிட்டாருக்கா" என்று ஒரு பெண் சொன்னாள். விக்கிரமங்கலம் பெண்ணுடைய அப்பாவின் போன் எண்ணை யாரோ கொடுத்தார்கள். அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வயலில் இருந்திருப்பார். பயிற்சியாளருக்கு மதிய ரயில். அன்று மாலைக்குள் கிளப் இந்த வருடம் எடுக்கும் பெண்களின் லிஸ்டை முடித்தாக வேண்டும்.

"இது வேற ஆளுன்னு ஒங்களுக்கு எப்ப தெரியும்?" என்று என்னைக் கேட்டார்.

"மூணு வாரத்துக்கு மேல ஆகுது."

"குறிப்புல ஏன் எழுதல?"

நான் லேப்டாப்பை மூடினேன்.

"எழுதியிருந்தா நான் அவளயே கூப்ட்ருப்பேங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் பேனரைக் கழற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பெற்றோர்கள் பிள்ளைகளை அந்த மையத்திலிருந்து நிறுத்தினார்கள். பி.டி. சார் கடைத்தெருப் பக்கம் தலைகாட்டுவதில்லையாம். இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி அனுபவித்தேன். அந்த வாரம் நன்றாகத் தூங்கினேன், நன்றாகச் சாப்பிட்டேன். கிளப் அந்த நான்கு வீடியோக்களையும் நம்பத்தகாதவை என்று தள்ளிவிட்டது. சல்லடையில் ஒன்பது என்ற எண்ணே இல்லாமல் போனது. டீம் லீடர் எனக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினார். நான் மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதினேன்.

அடுத்த ஞாயிறு விக்கிரமங்கலம் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று புது சாக்ஸ் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டேன். அவள் வீட்டுக் களத்தில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். டீம் பெண்கள் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நான்தான் படபடவென்று பேசினேன். வேறு கிளப்புகளுக்கு அவள் பெயரிலேயே வீடியோ வெட்டி அனுப்புகிறேன் என்றேன். அடுத்த வருடமும் செலக்‌ஷன் வரும் என்றேன். அவள் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இடது காலால்தான் தள்ளினாள்.

"அந்த ஆளு இனிமே யாரையும் ஏமாத்த முடியாது. ஊரே காறித் துப்புது. நாம ஜெயிச்சுட்டோம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"நாமன்னா யாருக்கா?" என்றாள்.

சாக்ஸை நீட்டினேன், அவள் வாங்கவில்லை. களத்து ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸுக்காக நிற்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் களத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பி.டி. சார் என்னைப் பார்த்த மாதிரி, யார் இது என்று யோசிக்கிற பார்வை இல்லை அது. ஸ்டாஃப் ரூம் வாசலில் நான் நின்று பார்த்த பார்வை. இவள் என்னை மறக்க மாட்டாள்.